சமையற்கட்டு வாசலுக்குப் போன என் சத்தம்

அன்பு மருமகன் எனுவாவுக்கு, ஐதுதாகித் தீவிலிருந்து உன் தாய்மாமன் நூரோவா எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம், பன்றிகள் சுகம், சேம்பங்கிழங்குத் தோட்டமும் சுகம். ஆக்லாந்தில் நீயும் சுகமாக இருக்கக் கடவுள் அருளட்டும், நான் உன்னைத் திட்டி முடிக்கும் வரைக்குமாவது.

நேரில் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். விருந்து முடிந்த மறுநாள் காலையே விமானம் ஏறித் தப்பிவிட்டாய். மண்டபத்துக்குப் புதுக் கூரை போட்ட விருந்து, ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறது, நம் குழுவில் மின்சார யூகுலேலே வாசிப்பவன் நான் ஒருவன்தான். எப்போதும்போல என் காலடியில் பழைய பெட்டியை வைத்து வயரைச் செருகி வாசித்திருப்பேன். நீ சும்மா விட்டாயா? "மாமா, ஒரே மூலையில எதுக்கு உங்க சத்தம் முடங்கிக் கெடக்கணும்? மண்டபம் பூரா சுத்தவிடறேன் பாருங்க"ன்னு சொல்லி, கூரையைச் சுற்றி எட்டு ஸ்பீக்கரைக் கட்டித் தொங்கவிட்டாய். நானும் படித்த பிள்ளை சொல்கிறானே என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையை எதில் கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரொட்டி சுடுகிறாளே தெபாயேரு, அவள் புருஷன் போய்ப் பல வருஷம் ஆச்சு, உன் அத்தை போயும் அப்படித்தான். விருந்துக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன். "சனிக்கிழமை நான் வாசிப்பேன். சம்மதம்னா உன் மாலையை என் கழுத்துல போடு. இல்லேன்னா போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போயிடு, நான் தப்பா நெனைக்கமாட்டேன்." வாசிப்பு மனசுக்குப் பிடித்தால் தன் மாலையைக் கழற்றி வாசிக்கிறவனுக்குப் போடுவது நம் ஊர் வழக்கம்தானே, யாருக்கும் சந்தேகம் வராது. அவள் சிரித்துவிட்டு, "மொதல்ல ஒழுங்கா வாசி, பாப்போம்" என்றாள். அன்று முன்வரிசையில் புது தியாரேப் பூ மாலையோடு உட்கார்ந்திருந்தாள்.

நீ லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அதனால் நடந்ததைக் கேட்டுக்கொள். நான் மேடையில் தந்தியைத் தட்டுகிறேன், சத்தம் போதகர் தலைக்கு மேலே கேட்கிறது. அவர் எச்சம் போட வந்த பறவையைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். அடுத்த வரியை வாசிக்கிறேன், அது சன்னல் பக்கம் ஓடுகிறது, ஜனமெல்லாம் சன்னலைப் பார்க்கிறது. அப்புறம் நீ விரலால் என்ன இழுத்தாயோ, மொத்தச் சத்தமும் பின்னால் சமையற்கட்டு வாசலுக்குப் போய்விட்டது. மண்டபமே நாற்காலியோடு திரும்பி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது! வாசிக்கிறவன் நான், கைதட்டு வாங்குவது கதவு! பாட்டிமார் இரண்டு பேர் ஆடிக்கொண்டே போய் ஸ்பீக்கர் கம்பிக்கு மாலை போட்டார்கள். நானும் என் சத்தம் எங்கே போகிறது என்று சற்று அண்ணாந்து பார்த்தேன்தான், என் சத்தமாச்சே, பார்க்காமல் எப்படி இருப்பது? பார்த்துவிட்டுக் கண்ணை இறக்கினால் தெபாயேரு மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு சமையற்கட்டு வாசலுக்கு நடக்கிறாள். அங்கே யார்? டுட்டாய்! ஒரு தந்தியைக்கூடத் தொட்டறியாத டுட்டாய், ஸ்பீக்கருக்குக் கீழே கோழிக்கால் கடித்துக்கொண்டு நின்றவன். அவன் கழுத்தில் போட்டாள். ஊரே ஆர்ப்பரித்தது. வாயில் கோழியோடு அவன் குனிந்து கும்பிடு வேறு போட்டான்.

அதோடு விட்டதா? அவன் அவளுக்கு ஒரு பன்றி அனுப்பியிருக்கிறான். நேற்று என் வீட்டுக்கே வந்து, "அண்ணே, கல்யாணம் கூடிவந்தா நீங்கதான் வாசிக்கணும், அதே மாதிரி சுத்திச் சுத்தி"ன்னு சொல்றான். என் பூப்போட்ட சட்டையையும் இரவல் கேட்கிறான். எனக்கு வந்த கோபத்தில் யூகுலேலேயை அவன் தலையில் இறக்கியிருப்பேன், அது ஒன்றுதான் இருக்கிறது என்று விட்டேன். தெபாயேரு வீட்டு வேலிவரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வருகிறேன், உள்ளே போய் என்னவென்று சொல்வது? கதவுப் பக்கம் கேட்டது என் சத்தம்தான் என்று நானே சொன்னால் பைத்தியம் என்பாள். நீதான் சத்தத்தைக் கடத்தியவன், நீதான் அவளுக்கு போன் பண்ணிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அடுத்த விமானத்தில் வந்து எட்டையும் கழற்றிக்கொண்டு போ. எனக்குக் காலடியில் ஒரு பெட்டி போதும்.

மற்றபடி குளிருக்குக் காது மூடித் தொப்பி போட்டுக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் விரல்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆசீர்வதிப்பாராக.

உன் மாமன்,
நூரோவா

பி.கு.: போன் பண்ணாதே. கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் தெபாயேருவே வேலிக்கு வந்துவிட்டாள். சத்தம் இடம் மாறிய விவரத்தை நான் விலாவாரியாக எடுத்துச் சொன்னேன். "ஏய்யா, உன் வாசிப்பு எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா? மாலையோட நேரா உன்கிட்டதான்யா வந்தேன். உன் மூக்குக்கு முன்னால நின்னேன். நீ வாயைப் பொளந்துக்கிட்டு கூரையில ஓடற உன் சத்தத்தையே பாத்துக்கிட்டிருந்த. எவ்வளவு நேரம் நிக்கறது? கோவத்துல முதல்ல கெடைச்ச கழுத்துல போட்டேன்" என்றாள். டுட்டாயின் பன்றியைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். போகும்போது கையில் கொண்டுவந்திருந்த புது மாலையை என் வேலிக் கம்பில் மாட்டி, "வேணும்னா எடுத்துக்க, இப்பவாவது எங்க இருக்குன்னு பாரு" என்றாள். அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஸ்பீக்கர் அங்கேயே தொங்கட்டும், எங்கள் கல்யாணத்துக்கு வந்து எப்படி வேண்டுமானாலும் சுற்றிக்கொள். அன்று நான் வாசிக்கப்போவதில்லை. எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியாகிவிட்டது.