நேசமணியின் நல்ல ரத்தம்

முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தெறிய மறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார் நேசமணி.

“ஊருக்கே ஊசி குத்துத ஆளு. ஒங்களுக்கு யாரு குத்துனா?” என்றாள் மனைவி எஸ்தர்ராணி. சோற்றுக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“கொசு கடிச்சிட்டு.”

“கொசு கடிச்சதுக்கா பிளாஸ்திரி ஒட்டுவாவ?”

உண்மை சின்னதுதான். எப்போதும்வென்றான் கிராமத்தில் நடக்கும் ஆராய்ச்சி முகாமில் ரத்தம் எடுப்பது நேசமணியின் வேலை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாத்திரை சாப்பிட்டால் உடம்பில் செல்கள் சாவது குறைகிறதா என்று பார்க்கிறார்கள். சாகிற செல் உடைந்து, உள்ளே இருப்பதை ரத்தத்தில் கொட்டிவிட்டுப் போகும். கொட்டியதை அளந்தால் செத்தது தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும். அதற்குத்தான் ஒரு ஆளும் வரவில்லை. அந்த முகாம் வாசலில் நின்றாலே ஊர் ஒருமாதிரிப் பார்க்குமாம்.

நேசமணி தானே படிவம் எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, தன் ரத்தத்தையே எடுத்து ‘நலம்-1’ என்று சீட்டு ஒட்டினார். நோயாளிகள் ரத்தம் சிவப்பு மூடிப் பெட்டியில், நலம் பச்சை மூடிப் பெட்டியில். இரண்டையும் பஸ்ஸில் கோவில்பட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறவன் உக்கிரபாண்டி.

“குலுக்கப்பிடாது, சூடு படப்பிடாது. பட்டா குழாய்க்குள்ளயே செல்லெல்லாம் ஒடஞ்சிரும்” என்று அவனிடம் சொல்லித்தான் அனுப்பினார். அவனும் பயபக்தியோடு தலையாட்டினான்.

முடிவு வந்தது. நோயாளிகள் பதினோரு பேருக்கும் அளவு அடக்க ஒடுக்கமாக இருந்தது. நலம்-1க்கு மட்டும் செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தன.

நேசமணி கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். நாக்கு உயிரோடுதான் இருந்தது. மறுநாள் இடது கையில் எடுத்து நலம்-2 அனுப்பினார். அளவு இன்னும் ஏறியது. பிளாஸ்திரியும் இரண்டானது.

சந்தேகம் தீர எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொண்டார். இல்லை என்று வந்தது. நிம்மதியில் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார். சட்டை துவைக்கப் போனது. சீட்டு எஸ்தர்ராணி கையில் சிக்கியது.

“ஏட்டி, இல்லன்னுதான போட்டிருக்கு?” என்றார் நேசமணி.

“போட்டிருக்கு. இருக்குமோன்னு ஒங்களுக்கு ஏன் தோணுச்சு? அதச் சொல்லுங்க.”

“ஆராய்ச்சிக்காக…”

“எங்க போயி ஆராய்ச்சி பண்ணுனிய? நாளைக்குள்ள உண்மை வரணும். இல்லன்னா நான் குளத்தூருக்குப் பஸ் ஏறிருவேன். எங்கம்மா வீடு அங்கனயேதான் இருக்கு.”

மறுநாள் அவளை முகாமுக்கே அழைத்துப்போனார். நலம்-3 அப்போதே பெட்டிக்குள் இருந்தது. பத்து வருடமாக மாத்திரை சாப்பிடும் முப்பிடாதியக்கா, ரத்தம் கொடுக்கக் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நல்ல வார்த்தை சொல்வாள் என்று நேசமணி நம்பினார். அவளும் சொன்னாள்.

“தாயி, ஒம் புருசன் தங்கம். பயப்படாம எங்கையப் பிடிக்கிற ஆம்பள இந்த ஊர்லயே இவரு ஒருத்தருதான்.”

எஸ்தர்ராணி கைப்பையைத் தோளில் மாட்டினாள். குளத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“ஐயோ, எஞ் செல்லெல்லாம் சாவுது எஸ்தரு!” என்று உடைந்துவிட்டார் நேசமணி. மூன்று நலத்தையும் ஒப்பித்தார். “நோயுள்ளவங்களவிட எனக்குத்தான் வேகமாச் சாவுது.”

அவள் கைப்பை தோளிலிருந்து நழுவியது. “இத மொதல்லயே சொல்லப்பிடாதா? எத்தன நாளு தாங்குமாம்?”

“நான் பத்து வருசமா களையெடுக்கேன், சண்ட போடுதேன். எனக்குச் சாவாதது ஒனக்கு மட்டும் எப்படித் தம்பி சாவும்?” என்று முப்பிடாதியக்கா சந்தேகமாக அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அப்போது உக்கிரபாண்டி வந்து பெட்டிகளை எடுத்தான். எஸ்தர்ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் மறித்தாள்.

“தம்பி, பச்சப் பெட்டியில இருக்கது இவிய ரத்தம். பாத்துக் கொண்டுபோங்க.”

“பயப்படாதீங்க மதினி. நோயாளி ரத்தம் சிந்திட்டா வம்புன்னு செவப்புப் பெட்டியத்தான் கைப்பிள்ள மாதிரி மடியில வச்சுக்கிடுவேன். அண்ணாச்சியோடது நல்ல ரத்தம்லா, அது யாரையும் ஒண்ணுஞ் செய்யாது. எப்பவும் பஸ் இன்ஜின் மேல தூக்கிப் போட்டுருவேன்!”