எங்கள் தெருவைக் கலப்புத் தெருவாக்கிய விவரம்

குருவிநத்தம்

காரைக்காலில் வசிக்கும் மதிப்பிற்குரிய அண்ணன் அருள்தாஸ் அவர்களுக்கு, தம்பி இன்னாசிமுத்து பணிவோடு தெரிவித்துக்கொள்வது. இங்கு நான், லில்லி, கோழிகள் எல்லோரும் சுகம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

அண்ணே, ஒரு அவசரம். லில்லி உங்களுக்குப் போன் செய்து ஒரு சம்மதம் கேட்பாள். வீடு நம் இருவர் பெயரிலும் இருப்பதால் நீங்கள் சரியென்று சொல்லாமல் ஒன்றும் நடக்காது. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். காரணத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வீட்டு வரி கட்டப் போனவன், பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். நம் தெருவைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து ‘கலப்புப் பயன்பாட்டுப் பகுதி’யாக மாற்றப் போகிறார்களாம், ஆட்சேபனை இருந்தால் கூட்டத்துக்கு வந்து சொல்லலாமாம். பாலில் கலப்பது தெரியும், விதையில் கலப்பது தெரியும், தெருவில் எதை எதோடு கலப்பார்கள் என்று எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வீடும் கடையும் சேர்ந்திருக்கலாம் என்று அர்த்தமாம், எதிர்வீட்டுப் பாக்யராஜ் சொன்னான். மில்லில் முப்பது வருஷம் இரைச்சலில் இருந்துவிட்டு அமைதியாகப் படுத்துக்கிடக்கலாம் என்று வந்தவன் நான். வாசலில் கடை வந்தால் என் மதியத் தூக்கம் என்ன ஆவது? ஆட்சேபனையை அழகாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

கூட்டத்துக்கு ஊரமைப்பு அதிகாரி ஜெயசுதா என்கிற சின்ன வயது அம்மா வந்திருந்தது. சுவரில் வரைபடம். வீடெல்லாம் மஞ்சள், கடையெல்லாம் நீலம், நம் தெரு மட்டும் இரண்டு நிறத்திலும் பட்டை பட்டையாக இருந்தது. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. எழுந்து, “எம் பொண்டாட்டி ஜன்னல் வழியா முட்ட விக்கிறா. ஜன்னல் கடையா, வூடாம்மா?” என்று கேட்டேன். “தெனம் எத்தினி முட்ட விப்பாங்க ஐயா?” என்றது அந்த அம்மா. “அத்த கோழியத்தான் கேக்கணும்” என்றேன். கூட்டம் சிரித்தது. பாக்யராஜ் வெல்டிங் பட்டறை போடலாமா என்றான். தையல், டிபன், டியூஷன், மளிகை எல்லாம் வரலாம், சத்தம் போடுவதும் புகை விடுவதும் வரக்கூடாது என்று பதில் வந்தது. “சத்தம் போடறது கூடாதுன்னா எங்க தெருவுல பாதிப் பேரு காலி பண்ணணும்” என்று நான் சொன்னதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. எனக்கே என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்போதுதான் நம் பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வி எழுந்தது. புருஷன் போனபிறகு வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் தைக்கிற பெண். குடியிருப்புத் தெருவில் தொழில் செய்கிறாள் என்று யாரோ புகார் கொடுத்ததிலிருந்து, மிஷின் சத்தம் வெளியே வராமல் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறது. “கதவ சாத்திக்கினு தெச்சித் தெச்சி கண்ணு போயிடுச்சிம்மா. இது வந்துச்சின்னா கதவத் தொறந்து வச்சித் தெக்கலாமா?” என்றது. யாரும் சிரிக்கவில்லை. “தாராளமா தெக்கலாம்மா. போர்டு கூட மாட்டிக்கலாம்” என்றது அதிகாரி. ஆரோக்கியசெல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. “வேற ஆட்சேபனை?” என்று அதிகாரி என் பக்கம் பார்த்தபோது, என் கை சட்டைப்பை வரைக்கும் போய், அங்கிருந்து தானாகத் தலைக்குப் போய்ச் சொறிந்தது. “ஆட்சேபன இல்லம்மா, சந்தேகம்தான் இருந்துச்சி. தீந்துடுச்சி” என்று சொல்லிவிட்டேன்.

உத்தரவு வந்தது. ஆரோக்கியசெல்வி கதவைத் திறந்து வைத்தது. அதோடு நின்றிருந்தால் சந்தோஷம் அண்ணே. மறுநாளே லில்லி என் கட்டிலைத் தூக்கிக் கோழிக்கூண்டுப் பக்கம் போட்டுவிட்டு, “முன்ரூம்புல ஆப்பக்கட வைக்கப் போறேன்” என்கிறாள். “நான் எங்கடி படுக்கறது?” என்றால், “நீதானய்யா கூட்டத்துல ஆட்சேபன இல்லன்ன?” என்கிறாள். கோழிகளும் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. விடிவதற்குள் சேவல் வந்து காதருகே நிற்கிறது. ஆகையால் அண்ணே, அவள் கேட்டால் முடியாது என்று ஒரே வார்த்தை சொல்லி, இந்தத் தம்பியின் முதுமையைக் காப்பாற்றுங்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. வில்லியனூர் மாதா உங்கள் வீட்டில் குறை வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உங்கள் தம்பி,
இன்னாசிமுத்து

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் லில்லி இன்று வெள்ளோட்டமாக ஆப்பம் சுட்டாள். தெருவே வந்துவிட்டது. உதவிக்கு ஆளில்லாமல் அவள் திண்டாடியதால் நான் தேங்காய்ப்பால் ஊற்றப் போய் நின்றேன். “சித்தப்பா, இன்னொண்ணு” என்று பாக்யராஜ் கேட்டான். பக்கத்து ஊர் சோரியாங்குப்பத்திலிருந்து வந்தவர்கள் என்னிடம் ஊர்க்கதையெல்லாம் கேட்டார்கள். மதியம் தூங்க மறந்துபோனேன். மேலே எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை, நாளைக்கு அரிசி ஊறப்போட வேண்டும். லில்லி போன் செய்தால் உடனே சரியென்று சொல்லுங்கள். அவள் மறந்துவிட்டால் நானே செய்கிறேன்.