புள்ளிக்கு விடுப்பு கிடையாது

வானத்திலிருந்து படம் எடுத்து ஊரை அளப்பது என்று எங்கள் நகர நிர்வாகம் முடிவு செய்தது. நல்ல முடிவுதான். விமானம் வந்தது, இரண்டு சுற்று சுற்றிப் படம் எடுத்தது, போய்விட்டது.

ஆனால் தான் காட்டும் ஊர் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று படத்துக்குத் தெரியாது. தரையில் அசையாமல் நிற்கும் ஒன்பது பொருட்களைப் படத்தில் தேடிப் பிடித்து, அவை இருக்கும் இடத்தோடு பொருத்தி, ஆணி அடித்த மாதிரி நிறுத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டி, பாலத்தின் மூலை என்று வரைபட அலுவலகம் எட்டைப் பிடித்துவிட்டது. எங்கள் தெருப் பக்கம் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு மாடியின் மேல் பளிச்சென்று ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது. ‘அசையாப் பொருள்’ என்று எழுதி, அதற்கு உத்தேசமாக ஓர் இடமும் போட்டு, ஏழு பேர் கையெழுத்திட்டு ஒன்பதாவது புள்ளி ஆக்கினார்கள். புதிய வரைபடம் அமலுக்கு வந்தது.

ஒரு வருடம் கழித்துச் சரிபார்ப்பு அதிகாரி வந்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மாடியில் ஏறிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“இங்க ஒரு வெள்ளை வட்டம் இருக்கணுமே, எங்க போச்சு?”

தையல்காரர் யோசித்தார். எலும்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் காலையில் மாடியில் குப்புறப் படுத்து வெயில் காய்கிறவர் அவர். தலையில் பெயருக்குக்கூட ஒரு முடி கிடையாது.

“அது என் தலையா இருக்கும் சார்.”

அதிகாரி அவரைப் படுக்கச் சொன்னார். படத்தையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். டேப்பை வைத்து அளந்தார்.

“சரியாப் பொருந்துது. ஆனா நீங்க நகர்ந்திருக்கீங்க.”

“சாப்பிடக் கீழ போனேன்.”

“யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?”

தையல்காரரின் மனைவிக்குக் கொஞ்சம் விவரம் உண்டு. “அந்த இடத்துல வட்டமா பெயிண்ட் அடிச்சிட்டுப் போங்களேன்” என்றார்.

“அம்மா, ஃபைல்ல இருக்கிறது இவர். பெயிண்ட் அடிச்சா அது புதுப் புள்ளி. புதுப் புள்ளின்னா பழைய படம் செல்லாது. புதுப் படத்துக்கு விமானம் வேணும். விமானம் வேற டிபார்ட்மெண்ட்.”

“என் தம்பிக்கும் வழுக்கைதான். அவனைக் கொஞ்ச நாள் படுக்க வைக்கலாமா?”

“நகல் ஏத்துக்க மாட்டாங்கம்மா.”

மறுநாள் உத்தரவு வந்தது. மேற்படி ஒன்பதாம் எண் புள்ளியானது, மேலாய்வுக் குழு வருகை தரும் வரை, அலுவலக நாட்களில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை தன் இடத்தில் கிடத்தல் வேண்டும். தொப்பி, துண்டு, குடை ஆகியவற்றால் தன்னை மறைத்தல் கூடாது. முடி வளர்த்தல் அறவே கூடாது. விடுமுறை நாட்களில் புள்ளி எழுந்து நடமாடலாம். குழு எப்போது வரும் என்று கேட்டதற்கு, “சொல்லிட்டு வந்தா அதுக்குப் பேர் ஆய்வா?” என்றார்கள்.

தையல்காரருக்கு ஒரே மகள். ரயிலில் ஒரு நாள் தூரத்தில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தினமும் போனில் அழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் போய்த் திரும்ப வழியில்லை. மனிதர் குப்புறப் படுத்தபடியே பத்து நாள் விடுப்புக் கேட்டு விண்ணப்பம் எழுதினார். பதில் இரண்டே வரி. விடுப்பு ஊழியர்களுக்கு உரியது. புள்ளிகளுக்கு விடுப்பு அளிக்க விதிகளில் இடமில்லை.

இதென்ன அநியாயம் என்று நானே உட்கார்ந்து மனு எழுதினேன். தெருவில் முப்பத்தெட்டு வீடுகளும் கையெழுத்துப் போட்டன. ஊர்வலமாகப் போய்க் கொடுத்தோம்.

அதிகாரி மனுவை முழுவதும் படித்தார். எழுந்து நின்று வணங்கினார்.

“உங்க மனிதாபிமானத்தைப் பாராட்டறேன். புள்ளியை விடுவிச்சிடலாம். வரைபடம் ரத்தாகும். உங்க பின்வேலியை எல்லாரும் பழைய இடத்துக்கே தள்ளிக்குங்க.”

விஷயம் இதுதான். உத்தேசமாக இடம் போட்டதில் படம் எங்கள் பக்கம் கொஞ்சம் இழுபட்டு, வீட்டுக்கு இரண்டடி கூடியிருந்தது. பின்னால் பள்ளி மைதானம் அதே அளவு சுருங்கியிருந்தது. இதைச் சொல்ல எனக்கு இதுவரை சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. என் இரண்டடியில் துவைக்கிற கல் போட்டு, மேலே தகரமும் போட்டாகிவிட்டது.

“மனுவுல ஒரு சின்னத் திருத்தம் இருக்கு சார்” என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

தையல்காரரின் மனைவி மட்டும் தனியாக ரயிலேறினார். போகும்போது எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதன் பிறகு நாங்கள் தையல்காரரை நன்றாகவே கவனித்துக்கொண்டோம். வேளைக்கு ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு மேலே போனது. தப்பித் தவறி ஒரு முடி முளைத்துவிடக் கூடாதென்று வாரம் ஒருமுறை சவரக்காரரை நாங்களே அழைத்து வந்தோம். நான்கு மணிக்கு அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தோம்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவர் போன் ஒலித்தது. பேத்தி பிறந்திருந்தாள். மனைவி படம் அனுப்பியிருந்தார். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், “யார் ஜாடைன்னு தெரியலையே” என்று முணுமுணுத்தபடி மெல்ல முகத்தைத் தூக்கினார்.

அக்கம்பக்கத்து மாடிகளில் நாங்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தோம். எல்லோரும் ஒரே குரலில், ரொம்பப் பாசமாகத்தான் சொன்னோம்.

“அண்ணே, தலையை அசைக்காதீங்க.”