ரோஜர் பாயின் புதன்கிழமைப் பாடு

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள அத்தனை குப்பங்களிலும், அறுபது வயது வரைக்கும் ஒரு தடவைகூட ‘சரி’ என்று சொல்லாமல் வாழ்ந்த ஒரே மனிதர் ரோஜர் பாய்தான். டீக்கடையில் ‘சக்கரை கம்மியா?’ என்றால் ‘ரோஜர்’. டாக்டர் ‘உப்பைக் குறைங்க’ என்றால் ‘ரோஜர்’. நிக்காஹ் அன்றைக்குச் சம்மதம் கேட்ட பெரியவரிடமும் அதையேதான் சொன்னார் என்று ஊரில் ஒரு பேச்சு. அவர் மனைவி ஜமீலா அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

“அதுகூட பரவால்ல தம்பி. சொல்லி முடிச்சதும் ‘ஓவர்’னாரு பாரு, எங்க வாப்பா எல்லாம் முடிஞ்சிபோச்சுனு பந்திக்கு எழுந்துட்டாரு!”

பழவேற்காடு கடைத்தெருவில் பாய்க்கு ஒரு ரிப்பேர் கடை இருந்தது. மிக்ஸி, டிவி, படகில் வைக்கும் ஜிபிஎஸ் என்று எதைக் கொடுத்தாலும் பார்ப்பார். அது வயிற்றுக்கு. உயிர் இருந்தது ஹாம் ரேடியோவில். அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களோடு காற்றில் பேசுகிற பைத்தியம் அது. ‘புரிந்தது’ என்பதற்கு ‘ரோஜர்’, ‘நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு’ என்பதற்கு ‘ஓவர்’ என்பதெல்லாம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டதுதான். டவுனில் கரண்ட் கம்பிகளின் இரைச்சல் தாங்கவில்லை என்று வீட்டை மாற்றிக்கொண்டு எங்கள் கோட்டைக்குப்பத்துக்கு வந்து, என் பக்கத்து வீட்டில் குடியேறினார். வந்த மறுநாளே ஒரு சவுக்குக் கம்பத்தை நட்டு, அதிலிருந்து எங்கள் மொட்டைமாடி வரைக்கும் ஒரு கம்பியை இழுத்துக் கட்டிவிட்டார்.

என் மனைவி அதைத் துணிக்கொடி என்று நினைத்தாள். பாவம், வேறென்ன நினைப்பாள்? ஈரத்துணி முழுவதையும் அதில் காயப்போட்டாள். சாயங்காலம் பாய் வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி, ஒரே ஒரு ரிக்வஸ்டு. ரஷ்யாக்காரன் காது கேக்கலன்றான். அந்தப் பட்டுச் சேலைய மட்டும் எடுத்துடும்மா.”

யாரும் பேசாதபோதுதான் பேச வேண்டும் என்பது ரேடியோக்காரர்களின் சட்டம். பாய் அதை ஊருக்குள்ளும் கடைப்பிடித்தார். டீக்கடை பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும். ஆனாலும், “இந்த இடம் யாராச்சும் யூஸ் பண்றீங்களா?” என்று மூன்று தடவை கேட்பார். பதில் வராவிட்டால்தான் உட்காருவார். புதிதாக வந்தவர்கள் அவருக்குக் கண் தெரியாது என்று நினைத்துக் கையைப் பிடித்து உட்கார வைத்ததும் உண்டு.

இப்படிப்பட்டவர் ஒருநாள் முகம் செத்துப்போய் என் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கேட் பாஸ் எழுதிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. ரேடியோவைக் கம்ப்யூட்டரிலிருந்தே இயக்குகிற இலவச மென்பொருள் ஒன்று உண்டாம். உலகம் முழுக்க ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து, சம்பளம் இல்லாமல் எழுதுவதாம். அதில் நூற்றுக்கணக்கான ரேடியோக்களின் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு ரேடியோவுக்கு எதிரிலும் ஒரு வார்த்தை. நன்றாக வேலை செய்தால் ‘ஸ்டேபிள்’. யாரும் சோதித்துப் பார்க்காவிட்டால் ‘அன்டெஸ்டட்’. பாய் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அந்தக் கிழட்டு ரேடியோவுக்கு எதிரில் ‘அன்டெஸ்டட்’ என்று இருந்தது.

“அதுக்கு இன்னா பாய் இப்போ?”

“அத்த எழுதுற வெள்ளக்காரத் தம்பி லெட்டர் போட்டுக்கீறாரு. இந்த ரேடியோவ உலகத்துல யாருமே டெஸ்ட் பண்ணலையாம். அடுத்த வெளியீட்டுக்குள்ள யாரும் ரிப்போர்ட் குடுக்கலன்னா லிஸ்ட்லேர்ந்தே தூக்கிடுவாராம். உயிரோட கீறப்பவே ரேஷன் கார்டுலேர்ந்து பேரைத் தூக்கினா எப்டி இருக்கும் தம்பி?”

லேப்டாப்பைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நிம்மதி போயிற்று. கம்ப்யூட்டரில் அலைவரிசையை மாற்றினால் ரேடியோவும் மாற்றுகிறதா, ரேடியோவில் திருகினால் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து நோட்டில் டிக் அடித்தார். ஒருநாள் அலைவரிசையை ஏற்று என்று கட்டளை கொடுத்தால் ரேடியோ இறக்கியது. “என் பொஞ்சாதி மாதிரியே கீது” என்று ரசித்தார். ஜமீலா அக்கா அன்றைக்குச் சோறு போடவில்லை.

கடைசியாக ஒரே ஒரு சோதனை பாக்கி. ‘டி ஒன்று’ என்று தட்டினால் ரேடியோ பேசத் தொடங்க வேண்டும், அதாவது மைக்கில் விழுவதைக் காற்றில் அனுப்ப வேண்டும். ‘டி சைபர்’ என்று தட்டினால் நிறுத்த வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த நேரம் இருக்கிறதே, அடடா! ஊரில் பாடுச் சீட்டுப் போடுகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

ஏரியில் எந்த இடத்தில், எந்த முறையில் யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. சீட்டில் பேர் இல்லாதவன் அந்த இடத்தில் துடுப்பு வைக்க முடியாது. ஊரே அன்றைக்குக் கோயில் எதிரில் கூடியிருக்கும். ஊர்த் தலைவர் ஏழுமலை மைக்கில் கூப்பிடுவார். அவரை ஊரில் எல்லாரும் ‘தல’ என்றுதான் சொல்வோம்.

பாய் வீட்டில் ‘டி ஒன்று’ தட்டினார். ரேடியோ பேசத் தொடங்கியது. அது கக்கிய அலை யுஎஸ்பி வயருக்குள் புகுந்து லேப்டாப் ஸ்தம்பித்துவிட்டது. ‘டி சைபர்’ போய்ச் சேரவே இல்லை. ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். ஆனால் தூசி படக்கூடாது என்று ஜமீலா அக்கா அதன்மேல் ஒரு லேஸ் துணியைப் போட்டு வைத்திருந்தார். சோதனை தோல்வி என்று நினைத்த பாய், மைக் பக்கத்திலேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அந்த அலை ஊர் மைக் செட்டின் நீள வயர்களில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

இங்கே தல சீட்டுப் பானைக்குள் கையை விட்டு, “வடக்கு மொனை, மொதல் பாடு யாருக்கு?” என்றார்.

“எனக்கு வேணாம். நீயே எடுத்துக்க” என்றது ஒலிபெருக்கி.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தல மைக்கைத் தட்டினார். “யாருய்யா அது? தல பேசறேன், குறுக்க பேசாத!”

“அப்போ தல வேணாமா?” என்றது ஒரு பெண் குரல்.

“இந்தத் தலைல இன்னா கீது? ஒண்ணுமே இல்ல. வெறும் முள்ளு. தூக்கிப் பூனைக்குப் போடு.”

“முழிய பாருங்க, எப்டி முழிச்சிக்கினு கீதுன்னு!”

பாய் வீட்டு மீன் குழம்பு என்று எனக்குப் புரிந்து நான் ஓடுவதற்குள், ஊரே மண்ணில் புரண்டு சிரித்துக்கொண்டிருந்தது. தல மட்டும் சிரிக்கவில்லை. நான் போய் ரேடியோவின் சுவிட்சை அணைத்தபோது பாய் விரலைச் சப்பிக்கொண்டே, “இன்னா தம்பி, கொழம்பு ஊத்தட்டா?” என்றார்.

மறுநாள் பஞ்சாயத்து. கம்பத்தைப் பிடுங்க வேண்டும் என்றார் தல. பாய் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“தல, ஒரே ஒரு டெஸ்டு பாக்கி. இந்த வாரத்துக்குள்ள ரிப்போர்ட் போவலன்னா என் ரேடியோவ லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவாங்க. அது வேலை செய்யுதுனு சொல்றதுக்கு உலகத்துலயே நான் ஒருத்தன்தான் கீறேன்.”

“அதுக்காக ஊர்ப் பாடுச் சீட்டுல பூந்து பேசுவியா?”

“தப்பு தல. நாங்க அப்டிப் பேசுறவங்களே இல்ல. காத்து எல்லாருக்கும் பொது. ஆனா மொதல்ல காது குடுத்துக் கேக்கணும். இன்னொருத்தர் கீறாருன்னா ஒதுங்கணும். காலியா இருந்தாத்தான் பேசணும். பேசி முடிச்சா வுட்டுட்டு நகரணும்.”

தல நிமிர்ந்து உட்கார்ந்தார். “யோவ் பாய், இது நம்ம பாடுய்யா!”

“ரோஜர்” என்றார் பாய், தன்னை அறியாமல்.

“இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? உனக்குனு ஒரு பாடு கேட்டு வாங்கியிருக்கலாம்ல?”

“வலையே இல்லாதவனுக்குப் பாடா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“அந்தக் கம்பி இன்னா? அதுவும் வலைதான். மீன் மாட்டாது, அவ்ளோதான். சீட்டு எழுதுங்கடா.”

எழுத உட்கார்ந்தபோதுதான் பாயின் நிஜப் பேர் யாருக்கும் தெரியாது என்பது தெரிந்தது. ‘ரோஜர்’ என்றே எழுதினார்கள். நாள் சீட்டை அவரே எடுத்தார். புதன்கிழமை, காலை பத்திலிருந்து பதினொன்று. அந்த ஒரு மணி நேரம் ஊரில் மைக் செட் போடக்கூடாது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை பாய் வீட்டு வாசலில் பாதி ஊர் நின்றது. பழைய டிவியிலிருந்து கழற்றிய ஒரு கறுப்பு வளையத்தில் யுஎஸ்பி வயரைச் சுற்றி, அலை உள்ளே புகாதபடி செய்திருந்தார் பாய். லேஸ் துணியையும் எடுத்தாயிற்று. “நீ தட்டு தம்பி, நான் வெளக்கப் பாக்கறேன்” என்றார். ‘டி ஒன்று’ தட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பாய் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். ‘டி சைபர்’ தட்டினேன். விளக்கு அணைந்தது. ஜமீலா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வெங்காயம் அரிஞ்சேன்” என்றார்.

தல தன் சட்டத்தைத் தானே மீறி, கோயிலடியில் மைக் செட்டைப் போட்டு ஒலிபெருக்கியில் காதை வைத்துக்கொண்டிருந்தாராம். “ஒரு சத்தமும் வரலியே பாய்” என்று வந்தார். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

அடுத்த வெளியீட்டில் அந்த ரேடியோவுக்கு எதிரில் ‘ஸ்டேபிள்’ என்று இருந்தது. சோதித்தவர் என்று யார் பேரைப் போடுவது என வெள்ளைக்காரத் தம்பி கேட்டதற்கு, பாய் ஊர்ப் பேரைக் கொடுத்துவிட்டார். ‘கோட்டைக்குப்பம்’ என்று ஒரு ஆள் இருப்பதாக அந்தத் தம்பி இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் சென்னைக்கு வந்துவிட்டேன். பாயும் முட்டி வலி வந்த பிறகு மகள் வீட்டோடு மீஞ்சூர் போய்விட்டார். அங்கே அடுக்குமாடியில் கம்பி கட்ட விடமாட்டார்களாம். போன மாதம் ஊரில் எங்கள் வீட்டுக் காதுகுத்து. புதன்கிழமை காலை. மைக் செட்டுக்குச் சொல்ல தலக்குப் போன் செய்தேன்.

“பதினொண்ணுக்கு மேல போட்டுக்கப்பா.”

“ஏன் தல?”

“பத்து மணி பாய் பாடுல்ல? காலியா வுட்டு வச்சிக்கீறோம். எப்போ வந்தாலும் பேசிக்கலாம்னு சொல்லி வை.”

பாய் அந்த நேரம் பக்கத்தில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ரோஜர்” என்று வந்தது.