கொடியில் தொங்கிய தடுப்பூசி

கப்பலில் வேலையாக இருக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம், ஒரு தடுப்பூசியைத் தவிர.

ஆமாம், நானேதான்! முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டேன். ஒரு வரிக்கு ஒரு டீ ஆகிறது. முற்றுப்புள்ளி வைக்கச் சொல்கிறார் டீச்சரம்மா, எனக்கோ நிறுத்த மனசே வருவதில்லை.

உங்கள் மனைவி ஆய்வுக்கூடத்து வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள், பால்கனிக் கொடியில் துணிக் கிளிப்புகளை நீலம், மஞ்சள், சிவப்பு என்று வரிசையாக மாட்டி, ஓரத்தில் ஒரு தலையணையையும் கட்டித் தொங்கவிட்டாள், என்னம்மா இது என்றால், "தடுப்பூசிக்கு மாடலுப்பா, கிருமியில ஒரு சின்னத் துண்டு மாதிரி நாங்களே கோக்கறது, இதப் பாத்து உடம்பு எதிர்ப்புச் சக்திய உண்டாக்கிக்கும்" என்றாள், தலையணை எதற்கு என்றேன், "துண்டு ரொம்பப் பொடிசு, தனியாப் போனா உடம்பு ஏன்னுகூடக் கேக்காது, பெருசா ஒண்ணோட கட்டிவிட்டாத்தான் மதிக்கும்" என்றாள், "அப்ப உடம்பு தலையணையத்தானே பாக்கும்?" என்றேன், "அதாம்பா என் தலைவலியே" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கே தலைவலி என்றால் எனக்கு என்ன விளங்கும், அவள் குளிக்கப் போனபோது மழை வந்தது, தலையணை நனையுமே என்று வாரிக்கொண்டு ஓடினேன், கிளிப்பெல்லாம் உதிர்ந்துவிட்டது, எது முன்னே எது பின்னே என்று தெரியாமல் குத்துமதிப்பாக மாட்டிவைத்தேன், அவள் அவசரமாக வந்து போட்டோ எடுத்து, அதே வரிசையில் துண்டைச் செய்துதரும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, "வரிசை மாறினா எல்லாம் வீணுப்பா" என்கிறாள்!

அவளுடைய இத்தனை வருஷ உழைப்பு. சொன்னால் உடைந்துபோவாள், சொல்லாவிட்டால் ஊசி வீணாகும். நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள்மேல் அன்பும் மகள்மேல் பயமும் உள்ள மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். மனசு கேட்காமல் அவளிடமே சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அது ஒப்பிட்டுப் பாக்க வேணும்னே கலைச்சு வெச்ச சங்கிலிப்பா. அதே கிளிப்பு, தாறுமாறு வரிசை. நீங்க இன்னும் கொஞ்சம் கலைச்சிருக்கீங்க, அவ்வளவுதான். சரியானத எங்க ரூம் ஜன்னல் திரையில மாட்டியிருக்கேன், நாளைக்கு அனுப்பணும்" என்றாள். மாப்பிள்ளை, அந்தத் திரையை இன்று காலை துவைத்துக் காயப்போட்டதும் நான்தான். கிளிப்புகளை நீலத்தோடு நீலம், சிவப்போடு சிவப்பு என்று டப்பாவில் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறேன். இதை மட்டும் நீங்கள் அவளுக்கு எழுதிவிடுங்கள். எனக்கு இன்னும் அவ்வளவாக எழுத வராது.