பொன்னம்பலத்தின் கத்தரிப் பாத்தி

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிதம்பரம் முழுக்க லீவு. பொன்னம்பலத்துக்கு மட்டும் டபுள் டியூட்டி. ஒட்டடை, தண்ணித்தொட்டி, மாவு மெஷின் என்று அவர் மனைவி கார்த்யாயினி விடிவதற்குள் வேலையை அடுக்கி வைத்துவிடுவாள். மனுஷன் எத்தனை நாள்தான் தாங்குவார்? அங்கன்வாடிக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் தோட்டம் போட ஆள் சேர்க்கிறார்கள் என்று காதில் விழுந்ததுமே ஓடிப்போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டார்.

"இனிமே ஞாயித்துக்கெழம காலைல நான் வீட்ல இருக்கமாட்டேன். அங்கன்வாடி புள்ளைங்களுக்குக் காய் பயிர் பண்ணப் போறோம். சம்பளம் கெடையாது. சேவை."

"போயிட்டு வாங்க" என்றாள் கார்த்யாயினி.

இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று பொன்னம்பலத்துக்கு லேசாக உறுத்தியது. ஆனாலும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரைக்கும் வீரநடை. முனை திரும்பியதும் நேராகச் சிநேகிதன் சார்லஸ் வீடு. அங்கே கேரம்போர்டு, ஃபேன், டீ. பத்து மணிக்குச் சார்லஸ் வீட்டுக் குரோட்டன்ஸ் தொட்டி மண்ணை முழங்காலில் பூசிக்கொண்டு, "அப்பாடா, இடுப்பு போச்சு" என்று வீடு திரும்புவார். கார்த்யாயினி வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். வாராவாரம் ராஜ வாழ்க்கை நடந்தது.

குழப்பம் மார்க்கெட்டில் ஆரம்பித்தது. தோட்டக் குழுவை நடத்தும் மாலதி டீச்சர் அவரை வழிமறித்தார்.

"சார், உங்க பாத்திதான் டாப். கத்தரி பூ வெச்சிடுச்சு."

"எந்தப் பாத்தி?"

"தன்னடக்கத்தப் பாருங்களேன்." டீச்சர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் டீக்கடையில் சடையப்பன் பிடித்துக்கொண்டான். அவனும் அந்தக் குழுதான்.

"மாமா, எருவுல வேப்பம்புண்ணாக்கு கலக்குறீங்களாமே? அளவு சொல்லுங்க."

வேப்பம்புண்ணாக்கு கறுப்பா வெளுப்பா என்றுகூடப் பொன்னம்பலத்துக்குத் தெரியாது. "கண்ணளவுதான்" என்று சமாளித்துவிட்டுச் சார்லஸ் வீட்டுக்கு ஓடினார்.

"மச்சான், நான் தூக்கத்துல நடக்கிறனா?"

"நடந்தாலும் நடப்ப. ஆனா தூக்கத்துல களை எடுக்கிறவன நான் பாத்ததில்ல. காய அடி."

பொறுக்க முடியாமல் ஒரு சாயந்திரம் தோட்டத்துக்கே போய்ப் பார்த்தார். மற்ற பாத்திகள் எல்லாம் ஏனோதானோ. நடுவில் ஒரு பாத்தி மட்டும் பளபளவென்று ஊதாக் கத்தரிக்காயாகத் தொங்கியது. பக்கத்தில் பலகை. பலகையில் 'பொன்னம்பலம்'. தலை கிறுகிறுத்தது. இருந்தாலும் பெருமையாகத்தான் இருந்தது. யாரும் பார்க்காதபோது ரெண்டு காயைத் தடவிக் கொடுத்தார்.

அந்த வாரமே மாலதி டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், நம்ம குழு வழக்கம் தெரியும்ல? யார் பாத்தி மொதல்ல காய்க்குதோ, அவுங்களே தன் கையால கத்தரிக்கா கொத்சு வெச்சு, இட்லியோட எல்லாருக்கும் போடணும். வீட்டம்மா தலையில கட்டக்கூடாது. ஞாயித்துக்கெழம வந்துடுங்க."

டீச்சர் போனதும் பொன்னம்பலம் மனைவியைப் பார்த்து முழித்தார்.

"கார்த்யாயினி, அந்தப் பாத்தி நான் போட்டதில்ல."

"தெரியும். நான் போட்டது."

"நீயா?"

"மொத நாளே தண்ணி பாட்டில மறந்துட்டுப் போனீங்க. குடுக்கலாம்னு தோட்டத்துக்குப் போனேன். ஆளக் காணோம். அப்பதான் புரிஞ்சுது, வழியில சார்லஸ் அண்ணன் வீட்டு வாசல்ல கெடந்தது உங்க செருப்பு. டீச்சர் கேட்டாங்க. என்னா சொல்றது? அவரு வெள்ளன வந்து செஞ்சிட்டுப் போயிடுவாரு, நான் தண்ணி ஊத்த வந்தேன்னு சொன்னேன். மண்ணுல கைய வெச்சா நல்லாதான் இருந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் போயிடுவேன்."

"அப்ப ஒட்டடை?"

"அது அன்னையிலேருந்து அப்படியேதான் கெடக்கு. நீங்க நிமிந்து பாத்தாதானே."

நிமிர்ந்து பார்த்தார். கெடந்தது.

"சரி, கொத்சையும் நீயே வெச்சிடேன்."

"வெக்கிறேன். யாரு பாத்தின்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டு வாங்க. நீங்க எங்க இருந்தீங்கன்னும் சேத்துச் சொல்லிடுங்க."

டீக்கடை சிரிக்கும், மார்க்கெட் சிரிக்கும்; அதற்குத் தானே அடுப்பூதுவது மேல் என்று முடிவு செய்தார். ஒரே ஒரு ஞாயிறு. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டால் மறுபடி கேரம்போர்டுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடிக் கொல்லையில் பொன்னம்பலம் அடுப்பூதினார். வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி கார்த்யாயினி வேலை வாங்கினாள்.

"மல்லி கருகுது."

"ம்."

"புளி ஜாஸ்தி."

"ம்."

"கண்ணத் தொடைங்க, கொத்சுல சொட்டுது."

ஆனால் ருசி எப்படியோ அமைந்துவிட்டது. இட்லியும் கொத்சுமாகக் குழுவே வெளுத்துக் கட்டியது. சடையப்பன் இலையை வழித்து நக்கினான். பொன்னம்பலத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அட, நமக்கும் ஒன்று வருகிறதே என்று நெஞ்சு விம்மியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இதென்ன பெரிய விஷயம்? எனக்கு இது சும்மா. வாராவாரம்கூட வெப்பேன்."

கார்த்யாயினி நாற்காலியை விட்டு எழுந்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திப் பக்கம் நடந்தாள்.

மாலதி டீச்சர் பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதச் சொல்லுவீங்கன்னு அக்கா போன மாசமே சொன்னாங்க சார். ஏப்ரன் உங்க அளவுக்குத் தெச்சே வெச்சிட்டோம்."