உப்பு இறக்கும் ஓஜா

புயலில் கரை உடைந்து கடல் உள்ளே வந்துபோன நாள்முதல், அந்தச் சுந்தரவனத் தீவில் கத்தரி நட்டால் கருகியது, வெண்டை நட்டால் வெம்பியது. அப்போதுதான் படகில் வந்து இறங்கினார் திகம்பர் ஓஜா. ஓஜா என்றால் அந்தப் பக்கத்தில் மந்திரவாதி. பேய் ஓட்ட ஓஜா உண்டு, பாம்புக்கடிக்கு ஓஜா உண்டு. இவர் உப்பு இறக்கும் ஓஜாவாம்!

வைத்தியம் சுலபம். பாத்தியில் ஒரு துரும்புகூட இல்லாமல் வழித்துவிட வேண்டும். நடுவில் மந்திரச் சட்டி புதைப்பார். சில நாளில் மண்மேல் வெள்ளை வெளேரென்று உப்பு பூக்கும். அதைத் துடைப்பத்தால் கூட்டிக் காட்டுவார். பெண்கள் குலவையிடுவார்கள். கூலி வீட்டுக்கு ஒரு வாத்து. மறுபடி உப்பு பூத்தால் அது ஆழத்து உப்பாம், இன்னொரு வாத்து. ஓஜாவின் வயிறும் நல்ல ஆழம்தான்.

ஷெஃபாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாத்தியை மேடாக்கி, வைக்கோலைக் கனமாகப் பரப்பி, குளத்தில் சேர்ந்த மழைநீரை ஊற்றி, கத்தரிக்கன்றுகளை அவள் காப்பாற்றி வைத்திருந்தாள். அவள் கணவன் பூபேனோ அந்த வைக்கோலை உருவத் துடித்தான்.

"ஊரே உருவிட்டாங்க. நமக்கு மட்டும் என்ன பெரிய அறிவு?"

இந்தத் தோட்டமும் போனால் கட்டட வேலைக்குக் கேரளாவுக்கு ரயில் ஏறிவிடுவதாகச் சொல்லியிருந்தான். அவனை அனுப்பிவிட்டுத் தனியாகக் கிடக்க அவளுக்கு மனமில்லை.

அவள் சண்டை போடவில்லை. ஊரார் முன்னால் ஓஜாவிடம் ஒரு சோதனை கேட்டாள். வைக்கோல் மூடிய பாத்தியில் அவர் சட்டியைப் புதைக்கட்டும். பக்கத்தில் ஒரு மொட்டைப் பாத்தி இருக்கும். அதற்குச் சட்டியும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். அவள் கையில் கொழுத்த வாத்தைக் கண்டதும் ஓஜா தலையாட்டிவிட்டார்.

சில நாள் வெயில் காய்ந்தது. ஊர் மறுபடி கூடியது. மந்திரப் பாத்தியில் வைக்கோலை விலக்கினால் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. பொட்டு உப்பு இல்லை. மந்திரம் காணாத பாத்தியோ சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது.

"வைக்கோல் மந்திரத்தை மறைச்சிடுச்சும்மா" என்றார் ஓஜா.

"சரிங்க ஐயா. இந்தப் பக்கம் மந்திரமே போடலையே, இங்க உப்பை யாரு கூப்பிட்டது?"

ஓஜா படகு நிற்கும் திசையைப் பார்த்தார்.

ஷெஃபாலி ஊரார் பக்கம் திரும்பினாள். "வெறும் மண்ணுல வெயில் அடிச்சா ஈரம் மேல ஏறும், கூடவே உப்பும் ஏறும். ஈரம் காஞ்சிடும், உப்பு நின்னுடும். கூட்டித் தள்ளினா அடியில இருக்கறது மறுபடி ஏறும். இத்தனையும் வெயில் சும்மாவே செய்யுது. ஒரு வாத்துகூடக் கேக்கல."

பூபேன் போய் வைக்கோலை அள்ளிப் பாத்தியை மூடினான். ரயில் பேச்சு அன்றோடு நின்றது. ஓஜா ஓடிய ஓட்டத்தில் அவர் கூலியாகச் சேர்த்த வாத்துக் கூடை கவிழ்ந்தது. வாத்துகள் யாரையும் வழி கேட்காமல் அதது தன் குளத்துக்கு நடந்தன. ஊராருக்குத்தான் அவ்வளவு சொந்த புத்தி இல்லாமல் போயிற்று.

மண்ணை மூடி வையுங்கள், மக்களே. தலையைத் திறந்து வையுங்கள்.